துணி கட்டிய குழாய்

புதன்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு நகராட்சித் தண்ணீர் வந்தது. பதினோரு நாள் கழித்து.

குழாய் முதலில் இருமியது. பிறகு வெறும் காற்று. பிறகு செங்கல் தூளைக் கரைத்தது போல ஒரு வாளித் தண்ணீர். ஐரின் அதைக் கொட்டவில்லை. ஓரமாக வைத்து ஒரு தட்டால் மூடினாள்.

குழாய் வாயில் துணி கட்டியிருந்தது. அது மாமியார் செபஸ்தியம்மாளின் கட்டு. பழைய வெள்ளைச் சேலைத் துண்டை நாலாக மடிப்பார். கயிறு கட்ட மாட்டார். சைக்கிள் டியூபில் வளையமாக அறுத்த துண்டை மாட்டி, துணியின் ஓரத்தை மேல்பக்கம் ஒருமுறை சுருட்டி விடுவார். கயிறு கட்டினால் துணி அழுகும் என்பார். தெருவில் வேறு எந்த வீட்டிலும் இப்படிக் கட்டுவதில்லை.

நேற்று தவக்காலத் தியானத்துக்குக் கிளம்பும்போதுகூட அவர் புதுத்துணி கட்டிவிட்டுத்தான் போனார். நாளை சாயங்காலம் வருவார். துணி கால் மணி நேரத்தில் டீ வடிகட்டிய நிறத்துக்கு வந்துவிட்டது.

கணவன் ஆண்டனிராஜ் பக்கவாட்டுச் சந்துக்குள் போனான். கையில் ஸ்பானர். தண்ணீர் வருகிற நாளெல்லாம் போவான். சுவரோரம் ஓடும் இரும்புக் குழாயை மூன்று தட்டுத் தட்டுவான்.

"துரு உதிரட்டும்" என்பான் கேட்டால்.

இன்றும் தட்டினான். ஒரு நிமிஷத்தில் தண்ணீர் நூலாக மெலிந்தது. ஐரின் குடத்தைப் பிடித்தபடி குந்தியிருந்தாள். கால் மணி நேரம் நூலாகவே ஒழுகியது. ஆறு இருபதுக்குத் தானாகப் பருத்தது.

தட்டினால் துரு உதிர்ந்து தண்ணீர் கூட வேண்டும். ஏன் குறைகிறது?

கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் எட்டு வயது மகள் ஜெரினுக்குக் கண் மஞ்சளானது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "வீட்டுத் தண்ணியைப் பாருங்கம்மா. அதைச் சரி பண்ணாம இருக்காதீங்க."

வீட்டில் தீர்ப்பு வேறாக இருந்தது. ஐரின் வேலைக்குப் போகிறாள். ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். காலையில் அவசரம். தண்ணீரைச் சரியாகக் காய்ச்சாமல் இறக்கிவிட்டாள். பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் செபஸ்தியம்மாள் அதைச் சொன்னார். ஈஸ்டர் முடிந்ததும் வேலையை விட்டுவிட வேண்டும் என்று முடிவும் ஆகிவிட்டது. அந்த முடிவை எடுத்தபோது ஐரினும் அங்கேதான் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

கொதி வருவதற்கு முன் ஒருநாள் இறக்கியிருப்பேனோ? அவளே தன்னைப் பல தடவை கேட்டுக்கொண்டாள். ஞாபகம் வரவில்லை.

ஏழரைக்கு ஆண்டனிராஜ் ஷூ மாட்டினான். சித்தையன்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

"பைப்பை மாத்திருவோம்ங்க."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"அந்த வாளியை வந்து பாருங்க."

அவன் ஷூ நாடாவைப் பார்த்தான். "நூர் பாய் ஞாயித்துக்கிழமை பாத்துச் சொல்லிட்டுத்தானே போனாரு. இன்னும் அஞ்சு வருசம் ஓடும்னு."

"அவரு எங்க பாத்தாரு? ரெண்டு தட்டு தட்டிட்டுப் போனாரு."

"முப்பது வருசமா பைப்பு வேலை பாக்குற மனுசன். நீ ஒன்னாப்பு டீச்சர்."

"நீங்க கணக்கு வாத்தியார்தானே? மாமா இந்தப் பைப்பைப் போட்டது எழுபத்து நாலு. இப்ப எத்தனை வருசம் ஆச்சுன்னு சொல்லுங்க."

அவன் எழுந்தான்.

"எதுன்னாலும் அம்மா வரட்டும். தரையைத் தோண்டுற வேலை. நீயா யாரையும் கூப்பிட்டுறாத."

"அத்தை வந்தா தோண்டலாமா?"

"அம்மா இருக்கப்ப எப்படித் தோண்டுறது?" என்றான். பிறகு, சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாதவன் போல வண்டியை வேகமாக உதைத்தான்.

அம்மா இல்லாமல் தோண்டக்கூடாது. அம்மா இருந்தாலும் தோண்டக்கூடாது. ஐரின் வாசலில் நின்று வண்டி போன திசையைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து ஜெரின் கத்தினாள். "அம்மா, இன்னிக்காச்சும் கஞ்சியில உப்பு போடுவியா?"

"போடுறேன்."

"நேத்தும் போடுறேன்னுதான் சொன்ன."

ஞாயிற்றுக்கிழமை வந்த நூர் அகமதுவை ஐரின் மறுபடி நினைத்துப் பார்த்தாள். பேகம்பூர்க்காரர். இந்த வீட்டுக் குழாய் வேலை எல்லாம் அவர்தான். வந்தார். குழாயைத் தட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் அஞ்சு வருசம் ஓடும்மா" என்றார். டீ வேண்டாம் என்றார். கூலியும் வேண்டாம் என்றார்.

பிளம்பர் என்றால் ஒரு வாஷர் மாற்றக் கூப்பிட்டாலும் மொத்த வீட்டையும் மாற்றச் சொல்வார்கள். வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிற பிளம்பரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அது மட்டுமில்லை. கேட் வரை போனவர் திரும்பி வந்தார். ஆண்டனிராஜ் உள்ளே போயிருந்தான். "பாப்பா வாய் கொப்புளிக்கக்கூட காய்ச்சின தண்ணியே குடுங்க தங்கச்சி" என்று மெல்லச் சொன்னார்.

பைப் நன்றாக இருந்தால் வாய் கொப்புளிக்க எதற்குக் காய்ச்சிய தண்ணீர்?

ஜெரினுக்காக லீவு போட்டிருந்த ஐரின் எட்டரை மணிக்கு எதிர்வீட்டுக்குப் போனாள். எதிர்வீட்டுப் பெருமாயி மாவு அரைத்து விற்பவள். கிரைண்டர் முன்னால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரு முழுக்க அவளுக்குத் தெரியும்.

"என்ன டீச்சரு, மூஞ்சி காலிக் குடம் மாதிரி இருக்கு?"

"நீங்க எத்தனை கொடம் பிடிச்சீங்க?"

"இருபத்தாறு. அதுக்கு மேல பாத்திரம் இல்ல."

ஐரின் பிடித்தது பதினான்கு.

"ஒரே மெயின் லைன்தானே நமக்கு?"

"ஒரே லைனு, ஒரே நேரம். உங்க வீட்டுப் பைப்பு கிழட்டுப் பைப்பு தாயி. எங்களது பிளாஸ்டிக்கு மாத்தி மூணு வருசமாச்சு."

"யாரு மாத்துனது?"

"பொன்னழகு. வாய் அம்புட்டு நீளம். கை சுத்தம்." பெருமாயி மாவை வழித்தாள். "ஆமா, உங்க வீட்டுச் சாருக்கே பைப்பு விவரம் தெரியுமே. டிசம்பர் லீவுல நூர் பாயோட ரெண்டு நாள் சந்துக்குள்ளயேதானே கெடந்தாரு?"

அது கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். ஐரின் ஜெரினைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மாமியார் வேளாங்கண்ணிக்கு. திரும்பி வந்தபோது சந்தின் கடைசியில் புதுச் சிமெண்டு பூசியிருந்தது.

"பெருச்சாளி தோண்டுன பள்ளம். அதை அடைச்சாங்க" என்றாள் ஐரின்.

"பெருச்சாளியை அடைக்கப் பைப்பு ரெஞ்சு எதுக்கு?"

பெருமாயி கிரைண்டரை நிறுத்தினாள். நிறுத்தினால் ஏதோ சொல்லப் போகிறாள் என்று அர்த்தம்.

"நான் சொன்னேன்னு சொல்லிறாத. முந்தாநேத்து சாயங்காலம் பின் தெருவுல சாரைப் பாத்தேன். கையில பால் பாக்கெட்டு."

"எங்களுக்குத்தான் பால்காரரே வீட்டுக்கு வந்து ஊத்துறாரே."

"அதைத்தான் நானும் யோசிச்சேன்" என்றாள் பெருமாயி.

ஐரின் போன் செய்ய, பத்து மணிக்குப் பொன்னழகு மொபெட்டில் வந்தான். பின்னால் சாக்குப்பை நிறைய இரும்பு.

ஐரின் வாளியைத் திறந்து காட்டினாள். அடியில் சிவப்பு படிந்திருந்தது. அவன் விரலால் எடுத்துத் தேய்த்தான்.

"மண்ணா இருந்தா நெறுநெறுங்கும். இது மாவா இருக்கு. துரு."

குழாயிலிருந்து துணியைக் கழற்றி முகர்ந்தான். முகம் சுருங்கியது. துணியை அவளிடம் நீட்டினான்.

"நீங்களே பாருங்க டீச்சர். துருவுக்கு இரும்பு வாடைதான் அடிக்கணும்."

ஐரின் முகர்ந்தாள். சாக்கடை.

பொன்னழகு வாசலுக்குப் போனான். தெருச் சாக்கடையின் மேல் மூடியிருந்த பலகைக் கல்லை நெம்பித் தள்ளினான். மெயினிலிருந்து வருகிற குழாய் சாக்கடைக்குள் முழுகி இந்தப் பக்கம் ஏறியது. அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். கறுப்புச் சேற்றை வழித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரால் குழாயைக் குத்திப் பார்த்தான்.

ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது.

"அவ்வளவுதான்" என்றான்.

"என்னண்ணே?"

"தண்ணி வாரப்ப இந்த ஓட்டை வழியா வெளியே கொஞ்சம் போகும். அது நட்டம் இல்ல. தண்ணி நின்னதும் பைப்பு காலியாகும் பாருங்க, அப்ப சாக்கடை உள்ள போகும். பதினோரு நாள் உள்ளேயே உக்காந்திருக்கும். அடுத்த தடவை தொறந்துவிட்டதும் வீட்டுக்குள்ள முதல்ல வாரது அதுதான்."

"குடிக்கிறதைக் காய்ச்சித்தான் குடுத்தேன்."

"பல்லு வெளக்குறதை?"

ஐரின் படியில் உட்கார்ந்தாள். ஜெரின் குழாயடியில், பிடித்து வைத்த தண்ணீரில் பல் விளக்குவாள். வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் களகளவென்று கொப்புளிப்பாள். சிரிப்பு வந்து பாதியை விழுங்குவாள். தினமும் அதற்குத் திட்டு வாங்குவாள்.

மூன்று வாரமாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அழுகை வரவில்லை. இரண்டு நிமிஷத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் கண்டுபிடித்ததை முப்பது வருஷ அனுபவம் எப்படிப் பார்க்காமல் போனது என்ற யோசனைதான் வந்தது.

"பைப்பை எப்ப மாத்தணும்னு ஒரு வீட்டுக்காரங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"ஒரு எடத்துல ஒழுகுனா அடைச்சுக்கலாம். அடுத்த வருசமே இன்னொரு எடத்துல ஒழுகுனா காசு சேக்க ஆரம்பிக்கணும். காலையில முதல் தண்ணி செவப்பா வருது, இருபது கொடம் வந்த எடத்துல பதினஞ்சு வருது, பைப்பு சேர்ற மரையில வெள்ளை பூத்துக் கெடக்குதுன்னா, அதுக்கு மேல யோசிக்கக்கூடாது. அது எப்பவோ சொல்லிருச்சு. நாமதான் கேக்கல." அவன் கையை மண்ணில் தேய்த்தான். "ஆனா ஒன்னு எனக்கு இடிக்குது. நூலா வந்துட்டு மறுபடி பருத்துச்சுன்னு போன்ல சொன்னீங்களே?"

"கால் மணி நேரம்."

"துரு அடைச்சா அடைச்சதுதான். நேரம் பாத்து அடைச்சு, நேரம் பாத்து வெலகாது. வேற எங்கேயோ ஒரு குழாய் தொறக்குது டீச்சர்."

ஐரின் எழுந்தாள். சந்துக்குள் நடந்தாள். கடைசியில், பின் சுவரை ஒட்டி, முறம் அகலத்துக்கு இருந்த புதுச் சிமெண்டைக் காட்டினாள்.

"இதை ஒடைங்க."

"சார்கிட்டக் கேட்டுட்டீங்களா?"

"ஒடைங்கண்ணே."

உளியும் சுத்தியலும் அரை மணி நேரம். பெருச்சாளி வளை எதுவும் இல்லை. கிழட்டு இரும்புக் குழாயை அறுத்து நடுவில் 'டீ' என்கிற மூன்று வாய் இணைப்பைப் போட்டிருந்தது. இரண்டு வாய் பழைய குழாயோடு. மூன்றாவது வாயிலிருந்து புது பிளாஸ்டிக் குழாய் கிளம்பி, பின் சுவருக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் போயிருந்தது.

பொன்னழகு குனிந்து பார்த்தான். சிரித்தான்.

"நாங்கள்லாம் மரைக்கு டேப்பு சுத்துறோம். சணல் நாரைச் சுத்தி மேல பச்சைப் பெயிண்ட் அடிக்கிறது இந்த ஊர்ல ஒரே கைதான்."

"நூர் பாயா?"

"நான் பேரு சொல்லல." சிரிப்பை நிறுத்தினான். "பின்னாடி யாரு வீடு?"

"வாடகை வீடு. யாருன்னு தெரியாது."

மொட்டை மாடியிலிருந்து அந்த வீட்டுக் கொடி தெரியும். சுங்குடிச் சேலைகள் காயும். மெல்லிய ஆள் போடுகிற சின்ன ரவிக்கைகளும். முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. மாடியில் ஆள் நடமாட்டம் கேட்டால் உள்ளே போய்விடும் முகம்.

"டீயை மூடிறவா?"

"செத்த நேரம் இருங்க. வாரேன்."

ஜெரினைப் பெருமாயியிடம் விட்டாள்.

பின் தெருவுக்கு இரண்டு முனை திரும்ப வேண்டும். ஐரின் வேகமாக நடக்கவில்லை. பத்து வருஷக் கல்யாணம். சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவன். மூன்று தட்டு. பால் பாக்கெட். ஒருவரும் பார்க்காமல் சுவருக்குள் போகிற குழாய். பிளம்பருக்குத் தெரிந்திருக்கிறது. பெருமாயிக்குப் பாதி தெரிந்திருக்கிறது. தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

கையில் அந்த ஈரத்துணி இருந்தது. எடுத்து வந்ததே நினைவில்லை.

தகரக் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள். சின்ன முற்றம். கொடியில் குழந்தைத் துணி. பின் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய்.

குழாய் வாயில் துணி கட்டியிருந்தது.

துணியை நாலாக மடித்திருந்தது. கயிறு இல்லை. கறுப்பாக ஒரு சைக்கிள் டியூப் வளையம். ஓரம் மேல்பக்கம் ஒருமுறை சுருட்டியிருந்தது.

ஐரின் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். இந்தக் கட்டு தெரிந்தவர்கள் மூன்று பேர். மாமியார். மாமியாரிடம் கற்றுக்கொண்ட அவள். மாமியார் பெற்ற மகள்.

"ரூபி" என்றாள்.

உள்ளே பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்தவள் மெலிந்திருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு வயது ஜெரினை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றியவள்.

"மதினி."

சின்னாளப்பட்டி நெசவுக்காரர் பொன்னுச்சாமியின் மகன் யோகேஷைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு போனவள் ரூபி. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயர் கிடையாது. ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் செபஸ்தியம்மாள் வீட்டார் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டுவார். இறந்துபோன மாமனார் சூசைமுத்து பெயர் உண்டு. மகள் பெயர் இல்லை.

"உள்ள வாங்க மதினி. வெளிய நிக்காதீங்க, யாராச்சும் பாத்துருவாங்க."

"நான் பாத்துட்டேன். இனிமே யாரு பாத்தா என்ன?"

ரூபி அழ ஆரம்பித்தாள். ஐரினுக்குத் தன்மேல் வெட்கமாக இருந்தது. இரண்டு முனை திரும்புவதற்குள் என்னென்னவோ நினைத்துவிட்டாள். அந்த வெட்கத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது. ஒரே ஒரு அறை. சுவரில் மாதா படமும் முருகன் படமும் பக்கத்துப் பக்கத்தில்.

"எப்ப வந்த?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி. அங்க தறி நின்னுபோச்சு. அவரு இங்க ஜவுளிக் கடையில நிக்கிறாரு. இம்புட்டுக் கிட்டத்துல வீடு கெடைக்கும்னு நாங்க நினைக்கல. வேணாம்னேன். அண்ணன்தான் பக்கத்துலயே இருன்னுச்சு."

"தண்ணி?"

"இங்க போர்த் தண்ணிதான். உப்பு. வாயில வைக்க முடியாது. தெருக்குழாய்ல போய் நின்னா கோயிலுக்குப் போற பொம்பளைங்கள்ல ஒருத்தி பாப்பா. மறுநாளே அம்மா காதுக்குப் போயிரும். அதான் அண்ணன் இதைப் போட்டுக் குடுத்துச்சு. மூணு தட்டு கேட்டா தொறந்துக்கன்னுச்சு."

"கால் மணி நேரம்."

"அதுக்கு மேல ஒருநாளும் தொறந்ததில்ல மதினி. சத்தியமா."

தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. ஐரின் துணியை விலக்கினாள். இரண்டு வயதுப் பெண் குழந்தை. நெற்றியில் விபூதி.

"பேரு என்ன?"

"ஹரிணி. நாலு நாளா ஒன்னும் எறங்க மாட்டேங்குது. அண்ணன்கூட முந்தாநேத்து பால் வாங்கிட்டு வந்துச்சு. அதையும் கக்கிட்டா. அவரு மந்திரிச்சுட்டு வந்தாரு."

ஐரின் கட்டைவிரலால் குழந்தையின் கீழ் இமையை இழுத்தாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

அந்த நிறத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ரூபி, இப்பவே கெளம்பு. ஜெரினைப் பாத்த டாக்டரு பேரைச் சொல்றேன். அந்தக் குழாய்த் தண்ணியை இனிமே தொடாத. அதுல சாக்கடை கலக்குது."

ரூபியின் அழுகை நின்றது. "அப்ப நூர் பாய் சொன்னது..."

நிறுத்திக்கொண்டாள். ஐரின் அவளைப் பார்த்தாள்.

"நூர் பாய் என்ன சொன்னாரு?"

"ஒன்னுமில்ல மதினி."

"என்ன சொன்னாரு?"

ரூபி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டாள். சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"இதைப் போட்ட அன்னிக்கே சொன்னாரு. சாக்கடைக்குள்ள இருக்கிற பைப்பு இத்துப்போச்சு சார், சேத்து மாத்திருவோம்னு. அண்ணன்தான், வாசல்ல தோண்டுனா தெருவே பாக்கும், அம்மா வந்து ஏன்னு கேக்கும், மே மாசம் அம்மா ஊர்ல இல்லாதப்ப பாத்துக்குவோம்னுச்சு."

"என்னிக்கு?"

"டிசம்பர் இருபத்தெட்டு."

ஜெரினுக்குக் கண் மஞ்சளானது மார்ச் மாதம்.

ஐரின் தெருமுனைக்குப் போய் ஆட்டோ பிடித்து வந்தாள். ரூபியையும் குழந்தையையும் ஏற்றினாள். டாக்டர் பெயரைச் சொன்னாள். கையிலிருந்த துணியைத் தெருக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

"என்ன டீச்சர், டீயை மூடிறட்டுமா?" என்றான் பொன்னழகு.

"வேணாம். புதுப் பைப்பு போடுறப்ப அந்த வீட்டுக்கும் சேத்து ஒன்னு விடுங்க. மெயின்லருந்து முழுசா மாத்திருங்க. சாக்கடைக்குள்ள போக வேணாம், மேல தூக்கிக் கொண்டு வாங்க."

"அப்ப வாசப்படி பக்கம் ஒடைக்கணும். பரவாயில்லையா? வீட்டுல பெரியம்மா..."

"ஒடைங்க."

"சாருக்குத் தெரியுமா?"

"அவருக்கு எல்லாம் தெரியும்" என்றாள் ஐரின்.

சாயங்காலம் ஆறேகாலுக்கு வண்டிச் சத்தம் கேட்டது. வாசலில் மண் குவிந்திருந்தது. பொன்னழகு நாளைக் காலை வருவதாகச் சொல்லிப் போயிருந்தான். ஜெரின் உள்ளே உப்புப் போட்ட கஞ்சியைச் சத்தமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஆண்டனிராஜ் வண்டியை நிறுத்தினான். "யாரைக் கேட்டு இதெல்லாம்" என்று ஆரம்பித்தான். துவைக்கிற கல்லின் மேல் ஒரு தட்டு இருந்தது. தட்டில் ஒரு சாண் நீளத்துக்குப் பழைய குழாய்த் துண்டு. நடுவில் விரல் நுழையும் ஓட்டை.

அவன் சந்துக்குள் எட்டிப் பார்த்தான். கடைசியில் சிமெண்டு இல்லை.

"ரூபியைப் பாத்துட்டியா?"

"பாத்தேன்."

அவன் படியில் உட்கார்ந்தான். ஒரு பெரிய பாரத்தை இறக்கியவன் போல இருந்தான். "உன்கிட்டச் சொல்லியிருப்பேன் ஐரின். உனக்குத் தெரிஞ்சா என்னிக்காவது அம்மா முகத்தைப் பாக்குறப்ப உளறிருவியோன்னு பயம். கூடப் பொறந்தவ. உப்புத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு சுவத்துக்கு அந்தப் பக்கம் கெடக்கிறா. நான் என்ன பண்ணுவேன்?"

"தண்ணி குடுத்தது தப்புன்னு நான் சொல்லல."

"அம்மா நாளைக்கு வந்து இதைப் பாத்தா..."

"அதை நாளைக்குப் பேசலாம். ஹரிணி ஆஸ்பத்திரியில இருக்கா."

அவன் நிமிர்ந்தான். "என்னாச்சு?"

"கண்ணு மஞ்சளாயிருச்சு."

அவன் எழுந்தான். சாவியைத் தேடினான். சாவி வண்டியிலேயே இருந்தது. ஐரின் முந்திப் போய் அதை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"குடு ஐரின். போகணும்."

"போங்க. ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

உள்ளே ஜெரின் தட்டை வழிக்கும் சத்தம் கேட்டது. ஐரின் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கு ஆட்டோல ஜெரின் என் மடியில துவண்டு கெடந்தா. 'தண்ணியைச் சரியாக் காய்ச்சுனியா'ன்னு என்கிட்ட கேட்டீங்க. பைப்பு இத்துப்போனது அப்பவே உங்களுக்குத் தெரியும்தானே?"